மீன் செத்து மிதக்காத மாசு: ஹார்மோனைக் குழப்பும் கழிவுநீர் மீன்குஞ்சை என்ன செய்கிறது?

கேட்கப்பட்டது இது: "ஆற்றில் கலக்கும் கருத்தடை மாத்திரை மிச்சத்தால் ஆண் மீன் பெண்ணாகிறது என்று படித்தேன். மீன்கள் இயல்பிலேயே பால் மாறுபவைதானே, இதில் என்ன கெடுதல்? தண்ணீர் அவ்வளவு மோசம் என்றால் மீன் செத்து மிதக்க வேண்டாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் மீனின் விந்தகத்துக்குள் முட்டை உருவாவது உண்மை. மாத்திரை அதற்கு ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. இயல்பான பால் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மீன் சாகாது, சாகாமல் இருப்பதுதான் இதில் சிக்கலே. இனி விரிவாகப் பார்ப்போம்.

இயல்பான மாற்றத்தை முதலில் முடித்துவிடலாம். நம் கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகும். களவா நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி, பெரிதானபின் ஆணாகும். இவற்றுக்கு அது பிறவியிலேயே உள்ள ஏற்பாடு. பழைய திசு ஒடுங்கும், புதியது வளரும், குழாய்கள் உட்பட எல்லாம் வேலைக்கு ஆகும் நிலையில் மாறும். கெண்டைக் குடும்பத்து மீன்கள் அப்படியல்ல. குஞ்சுப் பருவத்தில் ஆண், பெண் என்று ஒருமுறை முடிவானால் ஆயுள் முழுக்க அதுவே. அப்படிப்பட்ட மீனின் விந்தகத்தில் முட்டை இருந்தால் அது மாற்றம் இல்லை, கோளாறு.

இந்தக் கோளாறு பெரிய அளவில் கவனத்துக்கு வந்தது இங்கிலாந்தில். 1970களின் கடைசியில் லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றுப் பகுதியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் குளங்களில் ரோச் என்ற கெண்டைக் குடும்பத்து மீன்களில் ஆண் பெண் இரண்டும் கலந்த சில கண்ணில் பட்டன. அதன்பின் ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ரெயின்போ ட்ரவுட் மீன்களைக் கூண்டில் போட்டு (வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அதே ட்ரவுட்), இங்கிலாந்து, வேல்ஸ் எங்கும் கழிவுநீர் நிலையங்களின் வெளியேற்ற வாயில் இறக்கி வைத்தார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் வைட்டலோஜெனின் அளவைப் பார்த்தார்கள்.

வைட்டலோஜெனின் என்பது முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப் புரதம். பெண் மீனின் கல்லீரல், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சொன்னால் இதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். சினைப்பை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆண் மீனின் கல்லீரலிலும் இதற்கான மரபணு இருக்கிறது. கட்டளையிட ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இல்லாததால் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். எனவே ஆண் மீன் ரத்தத்தில் இது ஏறினால், வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வந்திருக்கிறது என்று பொருள். கூண்டு மீன்களில் இது இடத்துக்கு இடம் 500 மடங்கிலிருந்து ஒரு லட்சம் மடங்கு வரை ஏறியிருந்தது. முடிவுகள் 1994இல் வெளிவந்தன. 1998இல் பிரிட்டிஷ் ஆறுகளின் காட்டு ரோச் மீன்களைப் பிடித்துப் பார்த்த ஆய்வு வந்தது. ஏர், நீன் என்ற இரண்டு ஆறுகளில், கழிவுநீர் சேரும் இடத்துக்குக் கீழே சில இடங்களில் பிடித்த ஆண் மீன் அத்தனையிலும் கோளாறு இருந்தது. கழிவுநீர் படாத இடங்களிலும் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வித்தியாசம் கண்கூடு.

நுண்ணோக்கியில் அந்த விந்தகத்தின் சீவலைப் பார்த்தால் சந்தேகமே வராது. நல்ல விந்தகம் சின்னச் சின்ன அறைகளாக, உள்ளே பொடிப் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடப்பதாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் சாயம் ஏறிக் கருநீலமான விந்தணுத் தலைகள். கோளாறுள்ள விந்தகத்தில் அவற்றின் நடுவே, புள்ளியைவிடப் பல மடங்கு பெரிய உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு உருண்டைக்கும் வெளிறிய பெரிய உட்கரு, அதன் உள் ஓரத்தைச் சுற்றி வரிசையாகக் கரும்பொட்டுகள். வளர்ச்சியின் முதல் படிகளில் நிற்கும் முட்டைகள் அவை. சில மீன்களில் சீவல் சீவலாகத் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும். சிலவற்றில் விந்துத் திசுவைத்தான் தேட வேண்டியிருக்கும்.

காரணம் ஏதோ தொழிற்சாலை ரசாயனமாகத்தான் இருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. ஏர் ஆற்றங்கரையில் கம்பளி அலசும் ஆலைகள் பயன்படுத்திய சோப்பு ரசாயனம் சிதைந்து நோனைல்பீனால் ஆகிறது. அது ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும். அங்கே அதுதான் முக்கியக் குற்றவாளி. ஆனால் சாதாரண ஊர்க் கழிவுநீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் ஈஸ்ட்ரோஜன் வேலை இருக்கிறது என்று பார்த்தபோது, 1998இல் கிடைத்த விடை மூன்று பொருட்கள்: எஸ்ட்ராடயால், எஸ்ட்ரோன், எத்தினைல் எஸ்ட்ராடயால். முதல் இரண்டும் மனித உடலே தயாரிப்பவை. மூன்றாவதுதான் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன். அதாவது மாத்திரையே சாப்பிடாத ஊரின் சாக்கடையும் ஈஸ்ட்ரோஜன் சாக்கடைதான். பெண்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், ஓரளவு ஆண்கள், கால்நடைகள் எல்லாரிடமிருந்தும் இது வருகிறது. "மாத்திரைதான் மீனைக் கெடுக்கிறது" என்ற செய்தித் தலைப்பு இந்த விஷயத்தில் பாதியை மறைத்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம் உடல் ஹார்மோனை வெளியேற்றும்போது குளுக்குரோனிக் அமிலமோ சல்ஃபேட்டோ ஒட்டி, செயலற்றதாக்கித்தான் சிறுநீரில் விடுகிறது. சாக்கடையில் மலத்தோடு வரும் ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஒட்டை வெட்டி எடுத்துவிடுகின்றன. ஹார்மோன் பழையபடி வேலை செய்யும் நிலைக்கு வந்துவிடுகிறது. எத்தினைல் எஸ்ட்ராடயாலில் கூடுதலாக ஒட்டியிருக்கும் எத்தினைல் தொகுதி அதைச் சிதையவிடாமல் காக்கிறது. ஈரலில் சட்டென்று அழியாமல் இருந்தால்தானே மாத்திரையாக வேலை செய்யும். அந்த உறுதியே தண்ணீரிலும் தொடர்கிறது. மீனின் உடலில் இது இயற்கை எஸ்ட்ராடயாலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலுவானது.

அளவு எவ்வளவு தேவை? லிட்டருக்கு 5 நானோகிராம் போதும் (நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு; ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம்). ஒரு மாத்திரையில் பொதுவாக 20 முதல் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயால் இருக்கும். 30 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே மாத்திரை 6,000 லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதி.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. மீன்குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் பாலுறுப்பு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இரண்டு பக்கமும் போகக்கூடிய ஒரு மெல்லிய இழை. குரோமோசோம் ஒரு பக்கம் தள்ளும், ஆனால் கடைசி முடிவை எழுதுவது ஹார்மோன். அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றினால் சினைப்பை. அந்த நொதி அடங்கியிருந்தால் விந்தகம். ஜப்பானில் 1953லேயே யமமோட்டோ என்ற விஞ்ஞானி, மரபணுவில் ஆணாக இருந்த மெடாக்கா மீன்குஞ்சுகளுக்கு எஸ்ட்ரோன் கலந்த தீவனம் கொடுத்து, முட்டையிடும் பெண்களாக்கிக் காட்டினார்.

இதையே தொழிலாகச் செய்யும் இடம் உண்டு: ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா, குஞ்சுப் பண்ணை. திலாப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும். பெண்ணும் சேர்ந்திருந்தால் குளம் முழுக்கப் பொடிக் குஞ்சாக நிரம்பிவிடும். அதனால் மெத்தில்டெஸ்டோஸ்டிரோனை ஆல்கஹாலில் கரைத்து, மாவுத் தீவனத்தில் தெளித்து, நிழலில் உலர்த்தி, ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள குஞ்சுகளுக்குக் கொடுக்கிறார்கள். கிலோ தீவனத்துக்கு வழக்கமாக 60 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம். அவ்வளவுதான், அநேகமாக எல்லாமே ஆண். ஆனால் குஞ்சு கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அதே தீவனத்தை எவ்வளவு கொட்டினாலும் பலன் இல்லை. பண்ணைக்காரர்கள் குஞ்சைச் சல்லடையில் சலித்து, பெரியதை ஒதுக்குவது இதனால்தான். மாசுபட்ட ஆற்றில் நடப்பதும் இதேதான்; யாரும் திட்டமிடவில்லை, அளவும் காலமும் யார் கையிலும் இல்லை.

எது திரும்பும், எது திரும்பாது என்பதும் இதிலிருந்து புரியும். சுத்திகரித்த கழிவுநீரில் இளம் ரோச் மீன்களைச் சில மாதம் வளர்த்து, பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றிய சோதனை ஒன்று உண்டு. ரத்தத்தில் ஏறிய வைட்டலோஜெனின் நல்ல தண்ணீரில் இறங்கிவிட்டது. ஆனால் ஆண் மீனுக்குள் உருவான, பெண்ணுக்கு இருப்பது போன்ற இனப்பெருக்கக் குழாய் அப்படியே நின்றுவிட்டது. வளர்ந்த மீனுக்கு இது ஒரு காய்ச்சல் மாதிரி வந்து போகலாம். குஞ்சுக்கு உடலின் கட்டுமானமே மாறிவிடுகிறது. லிட்டருக்கு 4 நானோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயாலில் ரோச் குஞ்சுகளைச் சுமார் இரண்டு ஆண்டு வளர்த்தபோது, கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் பெண்ணாகவே வளர்ந்தது. ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனில் இன்னொரு சிக்கல்: பிறந்தது முதல் 5 நானோகிராமில் வளர்ந்த ஆண்களால் கருவூட்ட முடியவில்லை, ஆனால் இனச்சேர்க்கைச் சடங்கில் முண்டியடித்துக் கலந்துகொண்டன. நல்ல ஆண்களின் வேலையும் அதனால் கெட்டது.

ஆய்வகத்தில் நடப்பது ஏரியில் நடக்குமா என்ற சந்தேகத்துக்குக் கனடாவில் பதில் கிடைத்தது. வடமேற்கு ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உள்ளன. அவற்றில் 260ஆம் எண் ஏரியில் கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை ஒவ்வொரு கோடையிலும் எத்தினைல் எஸ்ட்ராடயாலைச் சேர்த்து, தண்ணீரில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. அங்கே ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல் நீளச் சிறு மீன் ஏராளம். ஆண்களின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் எகிறியது, விந்தக வளர்ச்சி தடைப்பட்டது. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வலையில் அந்த ஆண்டுக் குஞ்சுகளே விழவில்லை. சில ஆண்டுகளே வாழும் மீன். இரண்டு பருவம் குஞ்சு இல்லை என்றால் கூட்டம் காலி. அநேகமாக ஏரியிலிருந்தே அழியும் நிலைக்கு வந்தது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய ட்ரவுட்டும் இரை இல்லாமல் குறைந்தது. மின்னோ கூட்டம் செத்து மிதந்து காலியாகவில்லை என்பதைக் கவனியுங்கள், குஞ்சு பிறக்கவில்லை, அவ்வளவுதான். ஹார்மோனை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோ கூட்டம் மீண்டது.

ஆனால் இதை எல்லா மீனுக்கும் நீட்டக்கூடாது. அதே ஏரியில் நீண்ட நாள் வாழும் வெள்ளை சக்கர் மீனின் எண்ணிக்கை அப்படிச் சரியவில்லை. இங்கிலாந்திலும் கழிவுநீர் அதிகம் கலக்கும் ஆறுகளில் ரோச் கூட்டங்கள், வெளியிலிருந்து மீன் வந்து சேராமலே, தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்கின்றன என்று 2014இல் மரபணு ஆய்வொன்று காட்டியது. கடுமையாகப் பாதித்த ஆண்களுக்கு வாரிசு குறைவு. லேசாகப் பாதித்தவை எப்படியோ சமாளிக்கின்றன. ஆறெல்லாம் மீனற்றுப் போகப்போகிறது என்று பயமுறுத்துபவர்களை நான் நம்புவதில்லை. அதே சமயம், மீன் இருக்கிறதே, அப்புறம் என்ன என்பவர்களையும் நம்புவதில்லை.

ஆண், பெண் கதை செய்திக்குச் சுவையானது என்பதால் தைராய்டு விஷயம் பின்னால் தள்ளப்படுகிறது. எனக்கு அதுதான் இன்னும் கவலை. நாக்கு மீனைப் பார்த்திருப்பீர்கள்: தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். அது பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. சில வாரத்தில் ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் நகர்கிறது, மண்டை எலும்பு முறுக்கிக்கொள்கிறது, மீன் படுத்துவிடுகிறது. தட்டை மீன்களில் இந்த உருமாற்றத்தை நடத்துவது தைராய்டு ஹார்மோன். ஜப்பானியத் தட்டை மீன் குஞ்சில் தைராய்டைத் தடுத்தால் கண் நகராமல் அப்படியே நிற்கிறது. ஹார்மோனைச் சேர்த்தால் சீக்கிரமே நகர்கிறது. மற்ற மீன்களிலும் குஞ்சு உடல் இளமீன் உடலாகும் கட்டம் இந்த ஹார்மோன் கையில்தான். மிதக்க உதவும் காற்றுப்பை ஊதுவதும் இதில் சேரும். அது சரியாக ஊதாவிட்டால் குஞ்சால் தண்ணீரில் நிலைகொண்டு நீந்த முடியாது, இரை பிடிக்க முடியாது. அதை விஷத்தால் செத்ததாக யாரும் கணக்கில் எழுதப்போவதில்லை.

தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள் பெர்க்ளோரேட். ராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் இருப்பது. சிவகாசிப் பட்டாசுத் தொழில் பகுதியின் நிலத்தடி நீரில் இது இருப்பது 2013இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பெர்க்ளோரேட்டில் வளர்ந்த வரிக்குதிரை மீன்குஞ்சுகளில் பெண்கள் பங்கு கூடியது. தைராய்டு ஹார்மோனான தைராக்சினைச் சேர்த்தால் ஆண்கள் பக்கம் சாய்ந்தது. ஆக தைராய்டும் பால் நிர்ணயமும் தனித்தனி அறைகளில் இல்லை.

பெண் ஆணாவதும் உண்டு. கொசுப்புழு தின்ன நகராட்சிக்காரர்கள் கிணற்றில் விடுகிறார்களே, அந்தக் கம்பூசியா வகை மீனில் ஆணுக்கு மட்டும் அடித்துடுப்பு நீண்டு, விந்து செலுத்தும் உறுப்பாக மாறும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஓடைகளில் பெண் மீன்களுக்கும் அந்த உறுப்பு வளர்ந்திருப்பதை 1980இல் பதிவு செய்தார்கள். பைன் மரத்தின் ஸ்டீராய்டுகளை பாக்டீரியா ஆண் ஹார்மோன் போன்ற பொருளாக மாற்றுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மீன் சாகவில்லையே என்பது உங்கள் சந்தேகம் மட்டும் இல்லை, நம் சட்டத்தின் ஓர் அளவுகோலும் அதுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தில் உள்ள உயிரிச் சோதனை, கழிவுநீரை வேறு தண்ணீர் கலக்காமல் தொட்டியில் ஊற்றி, 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறது. 96 மணி நேரம் என்றால் நான்கு நாள். பட்டென்று கொல்லும் அமோனியா, சயனைடு போன்றவற்றுக்கு இது நல்ல சோதனை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை சொன்ன ஒவ்வொரு கோளாறும் இந்தச் சோதனையில் நிம்மதியாகத் தேர்ச்சி பெறும். பன்னாட்டு வழிகாட்டலில் வேறு சோதனை இருக்கிறது: கருவுற்ற முட்டையில் தொடங்கி, குஞ்சு பொரித்து ஏறத்தாழ 60 நாள் வரை வளர்த்து, வைட்டலோஜெனினையும் ஆண் பெண் விகிதத்தையும் பார்ப்பது. செலவும் பொறுமையும் வேண்டும் என்பதால் பெரும்பாலும் புது ரசாயனங்களைச் சோதிக்கத்தான் அது பயன்படுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு வரம்பு வைப்பதிலும் ஓட்டை உண்டு. ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் ஐந்து பொருட்களை, தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாத அளவில், சேர்த்து விட்டபோது மின்னோ மீனில் விளைவு தெரிந்தது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் நோனைல்பீனாலும், அதைப் போலவே ஈஸ்ட்ரோஜனாக நடிக்கும் பிளாஸ்டிக் ரசாயனமான பிஸ்பீனால்-ஏயும் அளக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் குறைவுதான் என்று தனித்தனியாகச் சமாதானம் சொல்வது இதனால் போதாது.

வழி இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் போல்டர் நகரக் கழிவுநீர் நிலையத்துக்குக் கீழே சக்கர் மீன்களில் பெண்கள் அதிகமாகவும் ஆண் பெண் கலந்தவை சிலவும் இருந்தன. பழைய சொட்டுவடிகட்டி முறையை விட்டு, பாக்டீரியாச் சேற்றில் காற்றூதிச் சுத்திகரிக்கும் முறைக்கு நிலையம் மாறியபின், அதே கழிவுநீரில் வைத்த ஆண் மின்னோக்களில் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. அபூர்வத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பாக்டீரியாவுக்குப் போதிய நேரம் கொடுத்தார்கள். இயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் இதிலேயே பெரும்பகுதி போய்விடும். மிஞ்சும் எத்தினைல் எஸ்ட்ராடயாலுக்கு ஓசோனோ கரித்தூளோ வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் தன் முக்கிய நிலையங்களில் அதைக் கட்டாயமாக்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 விதி, அந்தக் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் ஓசோனைப் பற்றிப் பேசும் முன், சாக்கடை முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடியும் என்பது என் கருத்து.

நோனைல்பீனால் கதை இன்னும் எளிது. அதை உள்ளே விடாமலே இருக்கலாம். ஏர் ஆற்றங்கரை ஆலைகள் அந்த வகைச் சோப்பைக் குறைத்தபின் அங்கே மீன்களின் விந்தகத்தில் தெரிந்த பாதிப்பும் குறைந்தது. 2021 முதல், துவைக்கக்கூடிய துணியில் இதன் மூலப்பொருள் 0.01 சதவீதம் இருந்தாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. திருப்பூரில் ஏற்றுமதிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். விதி எழுதப்பட்டது ஐரோப்பிய ஆறுகளுக்காக, நொய்யலுக்காக இல்லை. உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் துணிக்கு அது பொருந்தாது.

அந்த மீனைச் சாப்பிடலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். இந்த ஈஸ்ட்ரோஜன்கள் பாதரசம் போல மீனின் தசையில் ஆண்டுக்கணக்கில் தேங்குபவை அல்ல. சாக்கடை கலக்கும் ஆற்று மீனைத் தவிர்க்க வேண்டும் என்றால் அதற்குப் பாதரசமும் கிருமிகளும் போதுமான காரணங்கள். ஹார்மோனுக்குப் பயந்து தவிர்க்க வேண்டியதில்லை.